உறைகுளிரில் விமான எண்ணெய்

எந்திரம் என்பது சூடேறும் பொருள். சூடு மிகுந்தால் அதற்குக் கேடு. ஆதலாற் பனி கொட்டும் வடநாடுகளிற் பறக்கும் சிறு விமானங்களுக்கு எந்திரத் தொல்லை குறைவாகத்தானே இருக்கும் என்று உயர்வகுப்பு மாணவர் ஒருவர் அண்மையில் எம்மை வினவினார். வினா நன்று, விடையோ அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறானது. அலாஸ்காவிலும் கனடாவின் வடபுலத்திலும் மாரிக்காலத்திற் பறக்கும் விமானியிடம் அவருடைய கவலை யாதென்று கேட்டால், பெற்றோலைப் பற்றியோ இறக்கையைப் பற்றியோ பேசுமுன்னர் எண்ணெயைப் பற்றியே அவர் பேசத் தொடங்குவார். அந்த எண்ணெயின் கதையை இக்கிழமை நாம் எடுத்துக்கொள்வோம்.

நாம் இங்கே பேசுவது பயணிகளை ஏற்றிக்கொண்டு கடல் கடக்கும் பெரும் ஜெற் விமானங்களைப் பற்றியன்று. இரண்டு பேர் அல்லது நான்கு பேர் அமரத்தக்கதும், மூக்கில் ஒரு சுழலி பூட்டியதும், காற்றினாற் குளிர்விக்கப்படும் நான்கு அல்லது ஆறு உருளைகள் கொண்ட எந்திரத்தால் ஓடுவதுமான சிறு விமானத்தைப் பற்றியே. மோட்டார் வண்டியிற் போல நீர் நிறைந்த ரேடியேற்றர் இதற்கு இல்லை. எந்திரத்தின் வெப்பத்தை வெளியே கொண்டுபோகும் வேலையில் ஒரு பகுதி உருளைகளைத் தழுவிச் செல்லும் காற்றினுடையது. மற்றொரு பகுதி எண்ணெயினுடையது. நான்கு உருளை எந்திரம் ஒன்றில் ஏறத்தாழ ஏழரை லீற்றர் எண்ணெய் இருக்கும். அந்த ஏழரை லீற்றரும் உராய்வைக் குறைக்க வேண்டும். வெப்பத்தைச் சுமக்க வேண்டும். ஆடுதண்டுக்கும் உருளைக்கும் இடையிலுள்ள சந்தை அடைக்க வேண்டும். அழுக்கையும் அள்ளிச் செல்ல வேண்டும். வீட்டில் ஒரே மருமகள் எல்லா வேலையையும் செய்வது போன்ற நிலைமை இது.

எண்ணெய் குளிரில் என்ன ஆகும் என்பதற்கு நம் வாசகருக்கு அலாஸ்காவரை செல்ல வேண்டியதில்லை. நுவரெலியாவில் தைமாதக் காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸிலேயே உறையத் தொடங்கிவிடும். விமானத்தின் கனிய எண்ணெய் அவ்வளவு விரைவில் வெண்கட்டியாக உறைவதில்லை. அது படிப்படியாகத் தடிக்கும்: முதலில் தேன்போல ஆகும், பின்னர் பாகுபோல ஆகும், ஈற்றில் தார்போல ஆகிவிடும். திரவம் ஒழுகுவதற்குக் காட்டும் இந்தத் தடையையே பௌதிகநூலார் பிசுக்குமை என்பர். எண்ணெய்ப் பேணிகளின்மேல் அச்சிட்டிருக்கும் இலக்கங்கள் இப்பிசுக்குமையின் தரத்தைக் குறிப்பனவே. விமான எண்ணெயில் 100 என்று காண்பது மோட்டார் வண்டி எண்ணெயின் 50 ஆம் தரத்துக்கு ஒப்பானது. 80 என்பது 40 ஆம் தரத்துக்கு ஒப்பானது. கோடையில் 100 ஐ ஊற்றிப் பறப்பவர் மாரி வந்ததும் 80 க்கோ 65 க்கோ மாறிக்கொள்வது நெடுங்கால வழக்கம். குளிரில் இளகியும் சூட்டில் மிகவும் நீர்த்துப்போகாமலும் நிற்கும் பலதர எண்ணெய்கள் பிற்காலத்தில் வந்து இத்தொல்லையைப் பெரிதும் குறைத்தன. ஆயினும் சுழியத்துக்குக் கீழே 30 பாகை, 40 பாகை என்னும் குளிரில் அவையும் தடிக்கவே செய்யும். அலாஸ்காவின் நடுவிலுள்ள பெயார்பாங்ஸ் நகரில் இத்தகைய குளிர் புதுமையன்று. செல்சியஸ் அளவையிலும் பரனைற் அளவையிலும் ஒரே எண்ணாக அமைவது சுழியத்துக்குக் கீழ் 40 பாகையே என்பதை மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

குளிரின் கொடுமை எண்ணெயோடு நின்றுவிடுவதில்லை. எந்திரத்தின் வெளிக்கூடு அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனது. அதனுள்ளே சுழலும் அச்சு உருக்கினால் ஆனது. வெப்பநிலை ஒரு பாகை இறங்கும்போது அலுமினியம் சுருங்கும் அளவு உருக்குச் சுருங்கும் அளவைப்போல ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே குளிரில் வெளிக்கூடு உள்ளச்சைவிட மிகுதியாகச் சுருங்கி அதனை நெருக்குகின்றது. 60 மில்லிமீற்றர் விட்டமுள்ள அச்சு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 பாகை வெப்பத்திலிருந்து சுழியத்துக்குக் கீழ் 30 பாகைக்கு, அதாவது 50 பாகை, அது குளிர்ந்தால் அச்சுக்கும் தாங்கிக்கும் இடையிலுள்ள வெளி ஏறத்தாழ 0.036 மில்லிமீற்றர் குறைந்துவிடும். இஃதென்ன, தலைமயிரின் தடிப்புக்கூட இல்லையே என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவ்விடத்தில் முதலில் இருந்த வெளியே ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குக்கு உட்பட்டதுதான். எண்ணெய் மிகத் தடித்து நிற்கும் அதே வேளையில் அது புகவேண்டிய வழியும் மிக ஒடுங்கி நிற்கிறது. அந்நிலையில் எந்திரத்தை முடுக்கினால் உலோகம் உலோகத்தோடு உரசும். எந்திரம் ஓடத்தான் செய்யும். அன்றே பறக்கவும் செய்யும். பழுது உள்ளே பதுங்கியிருந்து வேறொரு நாளில், கீழே காடும் பனியுமன்றி வேறொன்றுமில்லாத இடத்தில், தன்னை வெளிப்படுத்தும். உடனே காட்டாத கேடு என்பதாலேயே இதனை நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

இவற்றையெல்லாம் ஆய்வுசாலையிற் கற்காமல் அனுபவத்திற் கற்றவர்கள் 1920 ஆம் ஆண்டுகளில் வடபுலத்திற் பறந்த விமானிகள். அவர்களுள் ஒருவரான கார்ல் பென் ஐல்சன், 1922 இல் பெயார்பாங்ஸ் உயர்பாடசாலைக்கு ஆசிரியராக வந்தவர் என்பதை எமது தொழிலைச் சேர்ந்தவர்கள் சற்றுப் பெருமையோடு குறித்துக்கொள்ளலாம். 1924 பெப்ரவரி 21 ஆம் நாள் அவர் பெயார்பாங்ஸிலிருந்து மக்கிராத் என்னும் சிற்றூருக்குத் தபால் கொண்டு பறந்தார். நாய்கள் இழுக்கும் பனிவண்டிக்கு இரண்டு கிழமைக்கு மேற்பட்ட பயணம் அது. அவர் மூன்று மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்தார். அவரது முடிவும் அவ்வடபுலத்திலேயே நேர்ந்தது. 1929 நவம்பரில், பனிக்கட்டியிற் சிக்குண்ட கப்பல் ஒன்றை நாடிச் சைபீரியக் கரையை நோக்கிப் பறந்தபோது, அவரும் உடன்சென்ற பொறிவினைஞரும் விமானம் வீழ்ந்து மாண்டனர்.

அதே 1929 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கனடாவில் நடந்தது மற்றொரு செய்தி. வடக்கே போர்ட் வேர்மிலியன் என்னும் இடத்தை அடுத்து டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோய் தோன்றியது. அது பரவினாற் குழந்தைகளைக் கொள்ளைகொண்டு போகும். மருந்து எட்மன்ரன் நகரில் இருந்தது. ஜனவரி 2 ஆம் நாள் வொப் மே, விக் ஹோர்னர் என்னும் இருவர் அவ்ரோ ஏவியன் என்னும் சிறு விமானத்தில் மருந்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்டனர். அதில் விமானியின் இருக்கைக்கு மேற்கூரை இல்லை. பனியில் இறங்குவதற்குரிய சறுக்குகட்டைகளும் இல்லை, சில்லுகளே இருந்தன. மருந்து உறைந்துபோகாமல் அதனைப் போர்வைகளிற் சுற்றிக் கரிக்கணப்பு ஒன்றை உடன்வைத்துக் காத்தனர். வழியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் ஜனவரி 3 ஆம் நாள் அவ்விடம் சேர்ந்து மருந்தைக் கையளித்தனர். ஜனவரி 6 ஆம் நாள் அவர்கள் திரும்பி வந்தபோது எட்மன்ரன் மக்கள் ஆயிரக்கணக்கிற் கூடி வரவேற்றனர். அவ்விருவருடைய முகமும் கைகளும் பட்ட பாட்டை எழுதியவர் பலர். அத்தகைய குளிரில் ஓர் எந்திரத்தை ஒவ்வொரு காலையும் உயிர்ப்பித்தெடுப்பது என்ன பாடு என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்நாளைய விமானிகளின் வழக்கம் வருமாறு. மாலையில் விமானம் இறங்கி எந்திரம் நின்றதும், எண்ணெய் இன்னும் சூடாக இருக்கும்போதே அதனை முழுவதும் ஒரு தகரப் பேணியில் வடித்துக்கொள்வார்கள். தாமதித்தால் அது ஒழுகாது. விமானி தங்கும் மரக்குடிசைக்கு எண்ணெயும் உடன்செல்லும். அடுப்பின் அருகே இருவரும் உறங்குவர். விடியுமுன் எழுந்து எந்திரத்தின்மேல் தரைவரை தொங்கும் கித்தான் கூடாரம் ஒன்றைப் போர்த்து, அதனுள்ளே ஈயம் உருக்குவோர் பயன்படுத்தும் ஊதடுப்பை மூட்டிவைப்பார்கள். எந்திரம் சூடேற ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலுமோ செல்லும். அதுவரையும் ஒருவர் கூடாரத்தினுள்ளே தீயணைப்புக் கருவியுடன் காவலிருத்தல் வேண்டும். எண்ணெய் ஊறிய எந்திரம், மேலே பெற்றோல், சுற்றிலும் துணி, நடுவிலே நெருப்பு! காவலிருந்தவர் கண்ணயர்ந்ததால் வெந்து சாம்பலான விமானங்கள் உண்டு. இதற்கிடையிற் குடிசையினுள்ளே எண்ணெயும் அடுப்பில் ஏற்றப்பட்டுச் சூடாகிக்கொண்டிருக்கும். பின்னர் அடுப்பை அகற்றி, சூடான எண்ணெயை ஊற்றி, கூடாரத்தைக் கழற்றி, சுழலியைக் கையாற் சுற்ற வேண்டும். சில நிமிடங்களுள் எந்திரம் பிடிக்காவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒருமுறை வெடித்து நின்றுவிட்டாற் பின்னும் மோசம். எரிந்த வாயுவிலுள்ள நீராவி தீப்பொறிச் செருகிகளின் முனையிற் படிந்து உறைந்து, அவற்றைக் கழற்றிச் சூடாக்கும்வரை பொறி தோன்றவே மாட்டாது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் பெரிய எந்திரங்களுக்கு வேறோர் உபாயம் கையாளப்பட்டது. எந்திரத்தை நிறுத்துமுன்னர் எண்ணெயினுள் அளவாகப் பெற்றோலைக் கலந்துவிடுவர். நீர்த்த எண்ணெய் இரவிற் கட்டிப்படாது. மறுநாள் எந்திரம் சூடேறியதும் பெற்றோல் ஆவியாகிப் போய்விடும். கெட்டிக்காரத்தனமான உபாயம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அளவு மிஞ்சினால் எண்ணெய் தன் வலுவை இழக்கும். நெடுநாள் படிந்திருந்த மண்டியையும் பெற்றோல் கரைத்துவிட்டு வடிகளை அடைக்கச் செய்யும்.

இக்காலத்தில் மின்சாரம் உள்ள இடங்களில் வேலை இலகுவாகிவிட்டது. எண்ணெய்த் தொட்டியின் அடியிலும் உருளைகளிலும் சிறு மின்சூடாக்கிகளைப் பொருத்தி, எந்திரத்தின்மேல் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை ஒன்றை மூடிவிட்டால் விடியும்போது எல்லாம் இளஞ்சூடாக இருக்கும். தொட்டியை மாத்திரம் சூடாக்கி மற்றவற்றை விட்டுவிடுவது சிக்கனமன்று. கீழிருந்து எழும் ஈரம் மேலேயுள்ள குளிர்ந்த உருக்கிற் படிந்து துருவேற்றும். எந்தக் குளிரில் முன்சூடாக்கல் கட்டாயம் என்பதை எந்திரம் செய்வோரே வகுத்துள்ளனர். சிலர் சுழியத்துக்குக் கீழ் 7 பாகையிலிருந்து என்பர். சிலர் 12 பாகையிலிருந்து என்பர். இது தொடக்கத்துக்கு மாத்திரமான விதி. தொடங்கியபின் வருவனவே எமக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவன.

எந்திரம் தொடங்கியவுடன் விமானி முதலில் நோக்குவது எண்ணெய் அமுக்கமானியை. அரை நிமிடத்துள் அதன் முள் எழாவிட்டால் எந்திரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது பொதுவிதி. கடுங்குளிரிற் சற்று மேலதிக நேரம் கொடுப்பதுண்டு. முள் எழுந்து உயரத்தில் நின்றால் மனம் நிறைவடைகிறது. அங்கேதான் ஏமாற்றம்! தடித்த எண்ணெயைத் தள்ளும் பம்பி அதிக அமுக்கத்தைக் காட்டும். ஆனால் அமுக்கம் வேறு, ஓட்டம் வேறு. அடைபட்ட குழாயின் பின்னால் அமுக்கம் மிகுந்திருப்பதை நாம் அறிவோம். அதனால் அப்பாலுள்ள தொட்டி நிறைந்துவிடுவதில்லை. ஆகையால் அமுக்கமானியை மாத்திரம் நம்பாமல், எண்ணெயின் வெப்பமானி அசைந்து எழும்வரை எந்திரத்தை மெதுவாக ஓடவிட்டுக் காத்திருப்பவரே நல்ல விமானி.

வானில் ஏறியபின் எண்ணெய் எவ்வளவு சூடாக இருத்தல் வேண்டும்? பெரும்பாலான இவ்வகை எந்திரங்களில் ஏறத்தாழ 82 பாகை நல்ல நிலை என்பர். 118 பாகை அளவிற் சிவப்புக்கோடு. சிவப்புக்கோட்டைத் தாண்டலாகாது என்பது எவருக்கும் விளங்கும். 50 பாகையிலோ 60 பாகையிலோ எண்ணெய் நின்றுவிட்டால் என்ன கேடு என்பது எளிதில் விளங்காது. அதற்குக் காரணம் நீர். பெற்றோலிலுள்ள ஐதரசன் எரியும்போது நீராகிறது. எமது மாணவர் சமன்பாட்டை எழுதிப் பார்த்தால் 114 கிராம் ஒக்ரேன் எரிந்து 162 கிராம் நீரைத் தருவதைக் காண்பர். கிட்டத்தட்ட ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஒரு லீற்றர் நீர். அதில் பெரும்பகுதி புகையோடு வெளியேறிவிடும். ஒரு சிறு பங்கு ஆடுதண்டுகளைக் கடந்து எண்ணெயில் வந்து சேரும். எண்ணெய் எந்திரத்தினுள்ளே சுற்றிவரும்போது மானி காட்டுவதைவிட ஏறத்தாழ 28 பாகை மேலும் சூடேறுகிறது. 82 உடன் 28 ஐக் கூட்டினால் 110. நீர் ஆவியாகிப் போய்விடும். 55 உடன் 28 ஐக் கூட்டினால் 83. நீர் அங்கேயே தங்கிவிடும். தங்கிய நீர் எரிபொருட் கழிவுகளோடு சேர்ந்து அமிலமாகி உருக்கை அரிக்கும். ஆகவேதான் குளிர்நாட்டு விமானிகள் எந்திரத்துக்குக் காற்றுப் புகும் வாயில்களைத் தகடுகளால் ஒடுக்கியும், எண்ணெய் குளிர்த்தியின் முகத்தை ஓரளவு மறைத்தும் பறக்கிறார்கள். பலரும் அறிந்த செஸ்னா 172 விமானத்தின் மாரித் தகடுகளை, வெளிக்குளிர் சுழியத்துக்குக் கீழ் 7 பாகைக்கு மேலே வந்ததும் கழற்றிவிட வேண்டும். மறந்து வெப்பநாளில் அவற்றோடு பறப்பவருக்குச் சிவப்புக்கோடு விரைவில் தரிசனம் தரும்.

இனி, எம்மை முதன்முதல் வியக்கவைத்த செய்திக்கு வருவோம். கடுங்குளிரிற் பறக்கும்போது எண்ணெயின் வெப்பநிலை திடீரென்று ஏறத் தொடங்குவதுண்டு. வெளியே உறைகுளிர்; உள்ளே சூடு ஏறுகிறது. எண்ணெய் குளிர்த்தி என்பது மெல்லிய குழாய்கள் அடுக்கிய ஒரு சிறு பெட்டி. காற்று அதனூடு வீசுகிறது. எண்ணெய் குளிர்ந்திருக்கையில் அது குளிர்த்திக்குள் போகாமலே திரும்பும்படியும், ஏறத்தாழ 85 பாகையை எட்டியதும் குளிர்த்தியின் வழியே போகும்படியும் ஒரு வால்வு தானாகவே வழிவிடும். வெளிக்காற்று மிகக் குளிர்ந்திருந்தால் ஓரத்துக் குழாய்களிலுள்ள எண்ணெய் கட்டிப்பட்டுவிடுகிறது. நடுவிலுள்ள சில குழாய்களில் மாத்திரம் எண்ணெய் விரைந்து ஓடுகிறது. வழி ஒடுங்க, குளிரும் பரப்புக் குறைய, எண்ணெய் தன் வெப்பத்தை இழக்காமலே எந்திரத்துக்குத் திரும்புகிறது. மானியிற் சூட்டைக் கண்ட விமானி என்ன செய்வார்? குளிர்த்தியின் கதவு கையால் இயக்கத்தக்கதாயின் அதனை மேலும் திறந்துவிடுவார். இயல்பான செயல், ஆனால் இன்னும் பல குழாய்கள் கட்டிப்படும், சூடு பின்னும் ஏறும். செய்ய வேண்டியது கதவை மூடுவது. குளிர்த்தி தானே சற்றுச் சூடாகிக் கட்டி இளகினால் ஓட்டம் பரவி வெப்பநிலை இறங்கும். சூட்டைத் தணிக்கக் காற்றைத் தடுப்பது என்பதைக் கற்காதவர், ஆபத்து வேளையில் அதனை ஒருபோதும் தாமாகச் செய்யமாட்டார். அறிவு கைக்குத் துணையாய் நிற்பதற்கு இதனிலும் நல்ல எடுத்துக்காட்டை எமது வகுப்பறைகளில் நாம் கண்டதில்லை.

இன்னும் ஒன்று உண்டு. அது மிகச் சிறிய பொருள். எந்திரக் கூட்டினுள் சேரும் வாயுவும் நீராவியும் வெளியேறுவதற்கு ஒரு மூச்சுக்குழாய் இருக்கிறது. அதன் வாய் விமானத்தின் அடியிற் குளிர்காற்றை நோக்கித் திறந்திருக்கும். வெளிவரும் நீராவி அவ்வாயிற் படிந்து பனிக்கட்டியாகித் துளையை அடைத்துவிடலாம். மூச்சு முட்டிய எந்திரத்தினுள் அமுக்கம் ஏறும். ஏறிய அமுக்கம், சுழலிக்குப் பின்னால் அச்சு வெளிவரும் இடத்திலுள்ள அடைப்பு வளையத்தைப் பிதுக்கித் தள்ளிவிடும். பின்னர் ஏழரை லீற்றர் எண்ணெயும் காற்றிற் சிதறிப்போகச் சில நிமிடங்கள் போதும். எண்ணெயின்றி எந்திரம் நெடுநேரம் ஓடாது. இதற்கு மாற்று யாதெனில், மூச்சுக்குழாயின் வாய்க்குச் சற்று மேலே, எந்திர மூடியின் உட்புறச் சூட்டுக்குள் அமையுமாறு, பக்கத்தில் ஒரு சிறு பிளவு வெட்டி வைப்பது. கீழ்வாய் அடைபட்டாலும் எந்திரம் அப்பிளவின் வழியே மூச்சுவிடும். பறப்புக்கு முன்னர் விமானத்தைச் சுற்றிவந்து சோதிக்கும் விமானி மாரியில் இப்பிளவு தூசியால் அடைபட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்.

இறங்கும்போது எந்திரத்தின் விசையை முற்றாகக் குறைத்து நெடுந்தூரம் சறுக்கி வருவதும் மாரியிற் கூடாது. எந்திரம் குளிர்ந்துவிட்டால், மீண்டும் விசை வேண்டும் வேளையில் அது பணியாமற் போகலாம். சற்று விசையோடு படிப்படியாக இறங்க வேண்டும்.

இன்று பெயார்பாங்ஸிற் படுக்கையிலிருந்தபடியே கைத்தொலைபேசியால் விமானத்தின் சூடாக்கியை இயக்கிவிடுவோர் உளர். ஆனால் மின்கம்பி எட்டாத ஏரிக்கரைகள் அலாஸ்காவில் எண்ணற்றவை. அங்கே இரவு தங்கும் விமானி இறக்கைகளுக்கு உறை போர்த்து, எந்திரத்துக்குப் போர்வை சுற்றி, மின்கலத்தைக் கழற்றிக் குடிசைக்குள் எடுத்துச் செல்கிறார். விடியலிற் கூடாரமும் சிறு அடுப்பும் மீண்டும் வெளியே வருகின்றன. தீயணைப்புக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் உள்ளே குந்தியிருக்கிறார்.